பின்னால் முட்டை இல்லை

சோரியாங்குப்பத்தில் காணும் பொங்கலன்று நடக்கும் மெது சைக்கிள் போட்டிக்கு விதிகள் அதிகமில்லை. சுண்ணாம்புத் தூளில் போட்ட தடத்துக்குள்ளேயே போக வேண்டும். கால் தரையைத் தொடக் கூடாது. கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவருக்குப் பரிசு. நடுவில் நின்றாலும் குற்றமில்லை, விழாமல் நிற்கத் தெரிந்தால்.

விஜயகுமாரிக்கு நிற்கத் தெரியும். முன்சக்கரத்தை ஒரு பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, இரண்டு பிரேக்கையும் பாதி பிடித்து, பிடித்த பிரேக்குக்கு எதிராகவே பெடலை அழுத்திக்கொண்டு நிற்பார். சைக்கிள் போகவும் செய்யாது, சாயவும் செய்யாது. தடத்துக்கு வெளியே நிற்கும் பையன்கள் கத்துவார்கள், நாய் குரைக்கும், மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றி வெளியேறிய பிறகு, காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி மெல்ல நகர்ந்து கோட்டைத் தாண்டுவார்.

இதை அவர் எங்கும் போய்க் கற்கவில்லை. அவருடைய தொழில் முட்டை. பாகூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து காலையில் முட்டை அட்டைகளை அடுக்கி, பழைய டியூபால் கேரியரில் இறுக்கிக் கட்டி, குருவிநத்தம் சோரியாங்குப்பம் கடைகளுக்குச் சைக்கிளிலேயே கொண்டுபோய்ப் போடுகிறார். சாலையில் பள்ளம் வரும். எதிரே கரும்பு டிராக்டர் வரும். அவசரத்தில் கால் ஊன்றினால் வண்டி சாயும், வண்டி சாய்ந்தால் அட்டை சரியும். ஆகவே கால் ஊன்றாமல் டிராக்டர் போகும்வரை அப்படியே நின்றுகொள்ளப் பழகினார். போட்டியில் முதல் முறை அவரைப் பெயர் கொடுக்கச் சொன்னது கணவர் பலராமன்தான். "நீ வழியில நிக்கிறத நான் பாத்துக்கினுதான இருக்கேன். அதுக்குப் பரிசு தர்றாங்களாம்" என்றார்.

பெண்கள் பிரிவில் வரிசையாக ஜெயித்தார். பிறகு அவருக்கு எதிராக நிற்கப் பெண்களே வரவில்லை. ஆண்களோடு சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் ஜெயித்தார். பரிசாக வந்த எவர்சில்வர் குடங்களை உறவுக்காரர் கல்யாணங்களுக்குக் கொடுத்தும் வீட்டில் இன்னும் ஒரு வரிசை நிற்கிறது.

குடம் அவருக்குப் பெரிதில்லை. வருஷம் முழுக்க ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முட்டைக்காரக்கா, முட்டை வந்துச்சா, முட்டை எங்க. காணும் பொங்கலன்று மட்டும் மைக்கில், "சோரியாங்குப்பம் விஜயகுமாரி பலராமன்" என்று முழுப் பெயரைச் சொல்வார்கள். அந்தக் குரல் ஆற்றங்கரையில் மோதித் திரும்பி வரும். அதற்காக அவர் ஒரு வருஷம் காத்திருப்பார்.

அந்த மைக்கில்தான் கைவைத்தார் தமிழ்க்குமரன்.

தமிழ்க்குமரன் ஊர் இளைஞர் மன்றத்தின் செயலாளர். பாகூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மெது சைக்கிளில் பல வருஷமாக இரண்டாவது இடம் அவருக்குத்தான். மார்கழியில் தண்ணீர் டேங்க் அடியில் கூடிய மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார்.

"அக்கா, இந்த வருஷம் நீ போட்டியில வேணாம். நீதான் நடுவர். சேரு போட்டு, சால்வ போத்தி, கையில விசிலு குடுத்துடறோம். உனக்கும் மரியாத."

"எனக்கு விசிலு ஊதத் தெரியாதுடா."

"ஊதுனா தெரிஞ்சிடும்."

"ரெண்டாவதா வந்து வந்து சலிச்சுப் போச்சா ஒனக்கு?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் தமிழ்க்குமரனின் தேன் காய்ந்துவிட்டது.

"நிக்கிறதுக்குப் பேரு சைக்கிள் ஓட்டறதாக்கா? எங்க வூட்டு எருமயுந்தான் நிக்கிது. அதுக்குக் குடம் குடுக்கறமா? ஒரு நாளாவது நீ வேகமா ஓட்டியிருக்கியா?"

கூட்டம் இதற்கும் சிரித்தது. சிரிக்க வந்த கூட்டம் யார் பக்கமும் இல்லை.

தமிழ்க்குமரனுக்கு இந்த வேகப் பேச்சு புதிது. சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு சைக்கிள் குழுவோடு சுற்றிக்கொண்டிருந்தார். அரியாங்குப்பத்தைச் சேர்ந்த ரோஸ்லின் நடத்தும் குழு அது. ரோஸ்லின் பிசியோதெரபிஸ்ட். வாரமெல்லாம் மற்றவர்களின் முழங்காலைச் சரிசெய்துவிட்டு, வாரக் கடைசியில் தன் முழங்காலைத் தேய்க்கிறவர். அவர்களுடைய சைக்கிளுக்குத் தடித்த டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். தார்ச் சாலையை விட்டு மண்ணிலும் ஜல்லியிலும் ஓட்டுவதுதான் அவர்களுக்குப் பிடித்தது. ஊரில் அதற்கு ஜல்லி சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு அந்தக் குழு விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு மலைப்பக்கம் போவதாக இருந்தது. அங்கே அகல ரயில் பாதை போட்டபோது ரயிலை வேறு பக்கமாக நேராகத் திருப்பிவிட்டார்கள். மலையைச் சுற்றி வளைந்து போன பழைய பாதை தண்டவாளம் இல்லாமல், ஜல்லி மட்டும் மிச்சமாகக் கிடக்கிறது. அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் மெடல்.

"அத முடிச்சுக் காட்டு" என்றார் தமிழ்க்குமரன். "பன்னெண்டுக்குள்ள கோட்டத் தாண்டிட்டன்னா பொங்கலுக்கு நீயும் தடத்துல நில்லு. இல்லன்னா சேருல ஒக்காந்து விசிலு ஊது."

"சரி" என்றார் விஜயகுமாரி. சொன்ன பிறகுதான் மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தார்.

பாகூர்ப் பக்கம் மேடு என்றால் ஆற்றங்கரை. இறக்கம் என்றால் அதே கரையின் மறுபக்கம். விஜயகுமாரி வாழ்நாளில் பார்த்த பெரிய சரிவு, கரையிலிருந்து தென்பெண்ணை மணலுக்கு இறங்கும் மாட்டு வழிதான். அந்தக் கரையில்தான் பயிற்சி ஆரம்பித்தது. ரோஸ்லின் காருக்குப் பின்னால் ஒரு ஜல்லி சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்தார். சுடிதாருக்கு மேல் பலராமனின் முழுக்கைச் சட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக விஜயகுமாரி ஏறி உட்கார்ந்தார். முன்னால் ரோஸ்லின் போனார். நூறடி போய்த் திரும்பிப் பார்த்தால், விஜயகுமாரியை ஒரு வெள்ளாடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"விஜயாக்கா, பிரேக்க ஏன் புடிச்சிருக்கீங்க?"

"புடிக்கலியே."

"புடிச்சிருக்கீங்க. விரலப் பாருங்க."

விஜயகுமாரி குனிந்து பார்த்தார். பிடித்துத்தான் இருந்தது. "அது சும்மா ஒரு தைரியத்துக்கும்மா" என்றார். எடுத்துவிட்டார். பத்து மிதி போவதற்குள் இரண்டு விரல்களும் தாமாகவே திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டன.

அந்த ஞாயிறு விடிவதற்குள் ஊரிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. சைக்கிள் ஓட்டப்போனது இருவர். கூடவே போனது வேன் நிறைய ஆட்கள், ஒரு அண்டா புளிசாதம், ஒரு தவில். பலராமன் மடியில் ஒரு சாக்குப் பை வைத்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், தேவப்படும்" என்றார்.

மலைகள் தெரிந்ததும் வேன் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது. யானை யானையாகப் பாறைகளை அடுக்கிவைத்து, மேலே இரண்டு செடி நட்டது மாதிரி இருந்தது ஒவ்வொரு மலையும். அவற்றின் இடுப்பைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கோடு போனது.

"அதான் பாதையா?" என்று கேட்டார் விஜயகுமாரி.

"அதாங்க்கா" என்றார் தமிழ்க்குமரன். "இப்பவே சேருக்குச் சொல்லிடட்டுமா? நல்ல குஷன் வெச்ச சேரு."

"ஒனக்குச் சொல்லி வெய்யி. எறங்குனப்பறம் ஒக்கார முடியுதா பாப்பம்."

கூரை போன ஒரு பழைய ரயில்வே பிளாட்பாரத்திலிருந்து எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். வேன் மலையைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போனது. ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் மெதுவான ஏற்றம்தான். ஆனால் முடியவே முடியாத ஏற்றம். ஜல்லி சக்கரத்துக்கு அடியில் கறக் கறக்கென்று உருண்டது. நகரத்து ஆட்கள் கும்பலாக முன்னே பறந்தார்கள், அவர்களோடு தமிழ்க்குமரனும். சீக்கிரமே விஜயகுமாரிக்கு முன்னால் யாரும் தெரியவில்லை. பின்னால் ரோஸ்லின் மட்டும் வந்தார். கடைசி ஆளோடு வருவது அவர் வேலை.

ஓரிடத்தில் ஓடைமேல் இருந்த சின்னப் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பாதை திடீரென்று ஓடைக்குள் விழுந்து, உருளைக் கற்களைத் தாண்டி, எதிர்ப்பக்கம் செங்குத்தாக ஏறியது. அங்கே ஒரு கூட்டமே இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தடுமாறியது. வேகத்தோடு வந்த ஒருவர் கல்லில் மோதி ஓடைத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தார்.

விஜயகுமாரி அதைப் பார்த்தார். இது அவருக்குத் தெரிந்த சாலை. குருவிநத்தம் போகும் வழியில் மழைக்காலத்தில் இதைவிட மோசமாக இருக்கும். பிரேக்கைப் பாதி பிடித்தார். இறங்கினார். ஒரு கல்லின் முன் நின்றார். முன்சக்கரத்தைத் திருப்பினார். அடுத்த கல்லுக்குப் போனார். நின்றார். தண்ணீரில் உட்கார்ந்திருந்தவரைச் சுற்றிக்கொண்டு, "பாத்து எந்திரிப்பா, பாசி வழுக்கும்" என்று சொல்லிவிட்டு எதிர்ச் சரிவில் அங்குலம் அங்குலமாக ஏறினார். கால் ஊன்றவே இல்லை. ஏறி முடித்தபோது அந்தக் கூட்டம் முழுக்க அவருக்குப் பின்னால் இருந்தது. கடைசி ஆள் வேலையைக் குழுவில் வேறொருவரிடம் விட்டுவிட்டு ரோஸ்லின் அவர் பின்னாலேயே வந்தார்.

அதன்பிறகு மலையை வெட்டிய கணவாய். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே குரங்குகள். அங்கே பாதை உச்சிக்கு வந்து, கணவாயைத் தாண்டியதும் மறுபக்கம் திரும்பியது.

மறுபக்கம் முழுக்க இறக்கம்.

விஜயகுமாரி மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் நிற்கவில்லை. மிதிக்காமலே வேகம் கூடிக்கொண்டு போகும் சைக்கிளை அவர் அதுவரை பார்த்ததில்லை. விரல்கள் இறுகின. சக்கரம் கிறீச்சிட்டது. ஏதோ தீய்ந்த வாசனை வந்தது.

"அக்கா, பிரேக் பேடு எரியிது" என்று பின்னாலிருந்து கத்தினார் ரோஸ்லின். "உட்டுடுங்க. கைய எடுங்க."

"எடுத்தா போயிடும்மா."

"போவட்டும். அதுக்குத்தான வந்தோம்."

"ஒடஞ்சிடும்."

"எது?"

விஜயகுமாரியின் முதுகு தானாகவே நிமிர்ந்து, பின்பக்கத்துச் சுமையைத் தாங்குகிற மாதிரி விறைத்திருந்தது. ரோஸ்லின் பக்கத்தில் வந்து அந்த முதுகைப் பார்த்தார். முதுகுகளைப் பார்ப்பது அவர் தொழில்.

"அக்கா" என்றார். "பின்னால முட்ட இல்ல."

விஜயகுமாரி திரும்பிப் பார்த்தார். கேரியரே இல்லை. அட்டை இல்லை, டியூப் இல்லை, ஒரு முட்டை இல்லை. சின்னச் சீட்டுக்குப் பின்னால் வெறும் காற்று.

இடது விரலை எடுத்தார். பிறகு வலது விரலை.

சைக்கிள் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. ஜல்லியின் கறக் கறக் ஒரே இரைச்சலாக மாறியது. பாறைகள் ஓடின. பனைமரங்கள் ஓடின. கீழே ஒரு ஏரி சாய்ந்து சாய்ந்து எழுந்தது. பலராமனின் சட்டை பலூனாக உப்பி முதுகில் படபடத்தது. கண்ணில் நீர் வந்தது, வாயில் ஒரு பூச்சி புகுந்தது, அதைத் துப்பவும் நேரமில்லை. வளைவில் சைக்கிளைச் சாய்த்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சாய்க்க வேண்டும் என்று உடம்புக்கே தோன்றியது. சிரிப்பு வந்தது. முதலில் ஹெல்மெட்டுக்குள் ஒளிந்து சிரித்தார், பிறகு மலை கேட்கும்படி சிரித்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். நகரத்து ஆட்கள் இருவரைத் தாண்டினார். இன்னொருவரைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் "முட்ட, முட்ட, ஓரம்" என்று கத்தினார். அந்த மனிதர் பயந்துபோய் ஓரம் கட்டினார்.

பிறகு ஒரு பச்சைச் சட்டை தெரிந்தது. தமிழ்க்குமரன்.

"குமரா, எருமைக்கு வழி உடுடா" என்று சொல்லிக்கொண்டே தாண்டினார்.

முடிவு, பாதை ஏரிக்கரையைத் தொடும் இடத்தில். பழைய கேட் கீப்பர் கொட்டகைக்கு முன்னால் மைக், வேன், புளிசாதம், தவில், ஊர். பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. விஜயகுமாரி ஜெயித்துவிட்டார் என்றே வேன் ஆட்கள் முடிவுசெய்து தவிலை ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் பலராமனின் சாக்குப் பை வேலை செய்தது.

குழுவினர் முடிவுக் கோடாக ஒரு சின்ன ரிப்பன் மட்டும் கட்டியிருந்தார்கள். பலராமனுக்கு அது போட்டி மாதிரியே தெரியவில்லை. பையில் இருந்தது சுண்ணாம்புத் தூள். வருஷா வருஷம் காணும் பொங்கலுக்குத் தடம் போடுகிறவர் அவர்தான். குனிந்து, நிதானமாக, ரிப்பனுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு கோடு போட்டார். கோடு போட்ட கை சும்மா இருக்குமா. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீளமாக இரண்டு தடமும் போட்டுவிட்டார்.

மலையிலிருந்து பறந்து வந்த விஜயகுமாரி கண்ணீரோடு நிமிர்ந்தார். எதிரே வெள்ளைத் தடம். வெள்ளைக் கோடு. இருபுறமும் ஊர். தவில்.

இரண்டு விரல்களும் போய் உட்கார்ந்துகொண்டன.

கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் நின்றது. முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியது. கால்கள் பெடலில். விஜயகுமாரி அசையாமல் நின்றார்.

ஊருக்கும் அதே வியாதிதான். "ஊனாத, ஊனாத, கால ஊனாத" என்று வேன் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நகரத்து ஆட்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். "தாண்டுங்க, மேடம், தாண்டுங்க" என்றது மைக்.

விஜயகுமாரிக்கு உறைத்தது. அசடாகச் சிரித்துவிட்டு, விரலைத் தளர்த்தப் போனார். அதற்குள் பக்கத்துத் தடத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பச்சைச் சட்டை. முன்சக்கரம் திருப்பி, கால் பெடலில்.

பின்னால் வந்த தமிழ்க்குமரன் அவர் நிற்பதைப் பார்த்தார், பக்கத்தில் காலித் தடத்தைப் பார்த்தார். இரண்டாவதாக வந்து வந்து காய்ந்துபோன ஒரு மனிதர் வேறென்ன செய்வார்.

"இன்னாடா பண்ற?"

"நீ இன்னாக்கா பண்ற?"

"நான் போவப்போறேன்."

"போ. யாரு தடுத்தா? நீ மொதல்ல தாண்டுனா, மெது சைக்கிள்ல நான் ஒன்ன ஜெயிச்ச மாதிரி. மொத்த ஊரும் பாக்குது."

விஜயகுமாரியின் விரல் தளரவில்லை.

"போவலன்னா பன்னெண்டு அடிச்சிடும்" என்று தொடர்ந்தார் தமிழ்க்குமரன், வியர்வை மூக்கில் சொட்ட. "அப்பறம் சேருதான். எப்பிடிப் பாத்தாலும் எனக்குத்தான்."

"ஒன் மெடலும்தான்டா போவும்."

"போனாப் போவுது."

ரோஸ்லின் வந்து சேர்ந்தார். இருவரையும் சுற்றி நடந்து பார்த்தார். "என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்? ஒரு அடிதான், தாண்டுங்க."

"சும்மா இரும்மா, பேச்சுக் குடுக்காத" என்றார் பலராமன். பிறகு தன் மனைவியிடம், "விஜயா, மணி ஆவுதுடி" என்றார். அடுத்த மூச்சில், "ஆனா ஊனாத" என்றார்.

ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. தவில்காரர் எதற்கு அடிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் அடித்தார். ஓடையில் உட்கார்ந்திருந்தவர் ஈரக் கால்சட்டையோடு இருவரையும் கடந்து கோட்டைத் தாண்டி மெடல் வாங்கிக்கொண்டார். விஜயகுமாரிக்குத் தொடை நடுங்கியது. முழுப் பெயரைச் சொல்லும் மைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு முழம். ஆனால் இவனுக்கு முன்னால் தாண்டிவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு தடத்தில் போய் நிற்பது?

"கைய ஆட்டாத குமரா. ஒனக்கு எப்பவும் எடது முட்டிதான் மொதல்ல போவும்."

"எம் முட்டிய ஏன் பாக்கற?"

"பக்கத்துல ஆடுதே."

பன்னிரண்டுக்கு ஊதுவதற்காகக் குழுவினர் ஒரு காற்று ஹாரன் வைத்திருந்தார்கள். அது ஊதியது. லாரி ஒன்று காதுக்குள் வந்த மாதிரி ஊதியது. தமிழ்க்குமரன் திடுக்கிட்டார். இடது முட்டி போனது. கால் தரையைத் தொட்டது. பிறகு ஆளும் சைக்கிளும் சேர்ந்து ஜல்லியில் சாய்ந்தார்கள்.

விஜயகுமாரி அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு விரலைத் தளர்த்தி, காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி மெல்ல நகர்ந்து கோட்டைத் தாண்டினார். ஊர் ஓவென்று கூச்சலிட்டு அவரைத் தூக்க ஓடிவந்து, பாதியில் நின்றது. பன்னிரண்டு தாண்டிவிட்டது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

விஜயகுமாரி ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி நாலாபக்கமும் நின்றது.

"சரி" என்றார். "பேச்சுன்னா பேச்சு. சேரு போட்டுடு குமரா. விசிலு ஊத நீயே கத்துக்குடு."

தமிழ்க்குமரன் ஜல்லியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் குத்திய கல்லை ஒவ்வொன்றாகத் தட்டினார். தன் ஊரும், ஒரு நகரத்துக் கூட்டமும், ஒரு மலையும் பார்க்க, அவர் இரண்டாவதாக வந்திருந்தார். இன்னும் நான்கு நாளில் இந்த அக்கா சேரில் உட்கார்ந்திருக்க, அவர் முதலாவதாக வருவார். குடம் கொடுப்பார்கள். குடத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் இந்த ஏரிக்கரையைத்தான் நினைப்பார்கள்.

"சேரும் வேணாம் ஒரு மயிரும் வேணாம்" என்றார். "நீ தடத்துக்கு வாக்கா. ஒன்ன ஜெயிக்காம நான் உடறதா இல்ல. அதுவரிக்கும் நீ எங்கயும் போவக்கூடாது."

"பேச்சு மாறுற."

"மாறுறேன். செயலாளர் நான்தான."

"அப்ப ஒண்ணு பண்ணு" என்றார் விஜயகுமாரி. "அந்த மைக்குல எம் பேரச் சொல்லச் சொல்லு. முழுசா."

தமிழ்க்குமரன் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், மைக்கைத் தானே வாங்கிச் சொன்னார். குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஆற்றங்கரையில் ஒரு தரம் திரும்பும். இங்கே மூன்று தரம் திரும்பியது. பேரைக் கேட்க வேண்டியவர் அப்போது கோட்டில் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்கடி போற, சாப்புடலாம் வா" என்று கூப்பிட்டார் பலராமன்.

"இன்னொரு வாட்டி எறங்கிட்டு வந்துடறேன்" என்றார் அவர். "நீங்க அந்தக் கோட்டக் காலால அழிச்சுடுங்க. இல்லன்னா மறுபடி நின்னுடுவேன்."

காணும் பொங்கலில் தமிழ்க்குமரன் மறுபடி இரண்டாவது. இடது முட்டிதான். நடுவர் சேரில் சால்வையும் விசிலுமாகப் பலராமன் உட்கார்ந்திருந்தார்.

இப்போது குருவிநத்தம் கடைக்காரர்கள் ஒரு விஷயம் சொல்கிறார்கள். காலையில் முட்டை வழக்கம்போலத்தான் வருகிறது, நின்று நின்று, டிராக்டருக்கு வழிவிட்டு. காலி அட்டைகளோடு திரும்பும்போதுதான் வேறு மாதிரி. ஆற்றங்கரை மேல் ஏறி, மாட்டு வழி உச்சியில் ஒரு கணம் நிற்கிறார். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். பிறகு இரண்டு விரல்களையும் எடுத்துவிடுகிறார்.